திங்கட்கிழமைக் கரைசல்

— ‘பாட்டில்ல கெட்டியா இருக்கிற நன்னாரி மாசக்கணக்கா அப்படியே இருக்கு, தண்ணி கலந்தது மட்டும் ஏம்மா மறுநாளே கெட்டுப்போகுது’ன்னு என் மக பெனிட்டா யூகேஜி படிக்கையிலே கேட்டா. இருபத்தாறு வருசமா காலேஜ் லேப்ல நிக்கிற உங்களுக்கு அது தோணலையாக்கும், ராமசுப்பு அண்ணாச்சி?

— தோணலை, ஹெலன் மேடம். வாரம் பூரா வேணுமேன்னு மொத்தமாத் தண்ணி கலந்து வச்சிட்டேன்.

— அது பழச்சாறை ஒப்பிட்டு அளக்கிற வைட்டமின் சி கரைசல். கெட்டியா இருந்தாத் தாங்கும். நூறு மடங்கு தண்ணி விட்டா அன்னைக்கே கெட ஆரம்பிச்சிரும். தினம் காலையில கொஞ்சமா எடுத்துக் கலக்கணும்னு சுவத்துல ஒட்டியிருக்கேன். சாமி படம்னு நினைச்சுக் கும்பிட்டுட்டுப் போயிட்டீங்களோ?

— தப்பு என் மேலதான் மேடம்.

— படிக்கல்லு தேஞ்சா எடை கூடத்தானே காட்டும்? புராஜெக்ட்ல சாஜிதா பானு எழுதியிருக்கதைப் பாருங்க. அதே புளியங்குடி எலுமிச்சையில வைட்டமின் சி திங்கக்கிழமை நாப்பது, வெள்ளிக்கிழமை எழுபது. இன்னும் ஒரு வாரம் விட்டா அந்த ஊர்க்காரன் மார்க்கெட்டை மூடிட்டு மருந்துக்கடை வச்சிருவான்.

— அதத்தான் சொல்லுதேன். அந்தப் புள்ள நம்பரை ஜோடிக்கலை. ஜோடிச்சதுன்னு எழுதி புராஜெக்டைத் தள்ளிராதீங்க. எம்.எஸ்சி.யே போயிரும்.

— வக்கீலும் நீங்கதானா?

— கெட்டிக் கரைசல் ஃப்ரிட்ஜ்ல இருக்கு. நாளைக்கு லேப்பைத் திறந்துவிட்டா அந்தப் புள்ள புதுசாக் கலந்து மறுபடி செஞ்சிரும்.

— காலையில நானே சோதிச்சேன், கெடலை. மனுசங்களை விட அதுக்குப் பொறுப்பு இருக்கு. உங்களுக்கு மெமோ தரட்டுமா?

— தாங்க, வாங்கிக்கிடுதேன்.

— ரிட்டயராக நாலு மாசம் இருக்கையிலே?

— இருக்கட்டும் மேடம்.

— இந்தப் பாட்டில்ல தேதியைப் பாருங்க. கலந்தது திங்கக்கிழமை. அன்னைக்கு நீங்க ஆடித்தபசுத் திருவிழாக் கொடியேத்தத்துக்கு லீவு. கோபுர வாசல்ல நின்னுக்கிட்டே இங்கன எப்படிக் கலந்தீங்க?

— சாயந்தரமா ஒரு எட்டு வந்திருப்பேன்.

— பொய் சொல்லவும் வரலை உங்களுக்கு. நீங்க இல்லைன்னு அவளே கலந்திருக்கா. சரி, நாளைக்கு எட்டு மணிக்குத் திறக்கேன், வந்து செய்யட்டும். மெமோவும் கிடையாது. ஆனா அவளுக்காக இம்புட்டு ஏச்சு வாங்க அவ உங்களுக்கு என்ன சொந்தமா?

— போன வருசம் தபசுக் கூட்டத்துல என் பேத்தி தொலைஞ்சுபோனா மேடம். ரெண்டு மணி நேரம் இடுப்புல சுமந்து திரிஞ்சு, போலீஸ் பந்தல்ல விட்டுட்டு, பேரு கூடச் சொல்லாமப் போன புள்ள இது; நான் பந்தலுக்கு ஓடி வரையிலே அது போறதைப் பாத்துட்டேன். யாரு வீட்டுப் பிள்ளையைச் சுமந்தோம்னு இன்னைய வரைக்கும் அதுக்குத் தெரியாது, நீங்களும் சொல்லிராதீங்க.