இரண்டு நிமிடத்தில் சட்டம்

போனில் காத்திருக்கச் சொல்லி ஒரு பாட்டுப் போடுவார்களே, அதை எப்போதாவது முழுசாகக் கேட்டிருக்கிறீர்களா? எங்களுக்குப் போன் செய்த போலீஸ்காரர்கள் ஒரே மூச்சில் மூன்று தடவை கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு விடிவுகாலம் கொடுத்தது நான்தான்.

ராஜபாளையத்தில் மருந்துக்கடை மாடி ஒன்றில் எங்கள் ஆபீஸ். ஸ்டேஷனில் சட்டச் சந்தேகம் வந்தால் போலீஸார் எங்களைக் கூப்பிடுவார்கள், வக்கீல் பதில் சொல்வார். வக்கீல் என்றால் கமலவல்லி அம்மாள் ஒருவர்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் முப்பது வருஷம் நின்று களைத்தவர், தினமும் பஸ்ஸில் வருவார். நான் மேனேஜர். சட்டம் படித்ததில்லை, அதனால் எதையும் சுருக்கமாகப் பார்க்க முடிந்தது.

அம்மாளிடம் ஒரு பழக்கம். கைதைப் பற்றிக் கேட்டால் உடனே பதில் வராது. "போனை அந்த ஆளு கையில குடுங்க தம்பி" என்பார்.

"அவன்கிட்ட உங்களுக்கு என்ன மேடம் பேச்சு?"

"உங்ககிட்ட பேசினா நீங்க சொல்லுத கேஸு தெரியும். அவன்கிட்ட பேசினாத்தான் அவன் எப்படி இருக்கான்னு தெரியும்."

பிறகு சாப்பிட்டாயா, எங்கே வலிக்கிறது, வீட்டில் சொல்லியாச்சா என்று கல்யாண வீட்டு விசாரிப்பு நடக்கும். ஒரு போனுக்குப் பதினாலு நிமிடம். போனை வைத்ததும் சேவைக்கு மதிப்பெண் போடச் சொல்வோம், போலீஸார் எங்களுக்கு ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் போட்டார்கள். லாக்கப்பில் உட்கார்ந்திருப்பவனா நட்சத்திரம் போடப்போகிறான்?

ஆகவே சேவையை முன்னேற்றினேன். பதில்களை அட்டைகளில் அடித்து வைத்தேன். முதலில் நான் போனை எடுத்து அட்டையை வாசிப்பேன், அதில் அடங்காதது மட்டும் அம்மாளுக்கு. கைது அட்டையில் இரண்டு வரி இருந்தது. இருபத்து நாலு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும் என்பது ஒன்று. அதற்கு முன்னால் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டாவதை வாசித்தால் எதிர்க்கேள்வி வந்தது, நேரம் போனது. அதை எடுத்துவிட்டேன்.

ஒரு போன் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்தது. நட்சத்திரம் நாலரைக்கு ஏறியது. அம்மாள் மத்தியானம் முழுக்க ஜன்னல் வழியே மேற்கே தெரியும் மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நன்றி சொன்னதாக ஞாபகமில்லை.

பங்குனியில் ஒரு திங்கட்கிழமை, சாயங்காலம் நாலு மணி. திரையில் எஸ்.ஐ. லக்ஷ்மண் என்று விழுந்தது.

"சுந்தரபாண்டியன்னு ஒரு லூம்காரன் சார். நூல் திருட்டு. மூச்சு வாங்குதுங்கான், நடிக்கானா என்னன்னு தெரியல. ஆஸ்பத்திரிக்கு அலையணுமா, நாளைக்கு நேரா கோர்ட்டுக்குக் கொண்டு போயிரலாமா?"

பின்னால் ஒரு குரல் கேட்டது. "நெஞ்சை அடைக்குய்யா. செத்த நேரம் சன்னல் பக்கம் உக்காந்துக்கிடட்டுமா?"

நடிப்பவன் இவ்வளவு மரியாதையாகச் சன்னல் கேட்கமாட்டான் என்று எனக்கு அப்போதே தெரிந்தது. ஒரு நிமிடம் நாற்பது நொடி ஆகியிருந்தது. அட்டையை வாசித்தேன்.

"அப்ப காலையில போனாப் போதும்?"

"போதும் சார்."

ஐந்து நட்சத்திரம் போட்டார்.

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அம்மாள் எழுந்து வந்தார். "தம்பி, அந்த ஆளு குரலு சரியில்ல. நம்பரைக் குடு, நான் பேசுதேன்."

"நம்பர் விழலம்மா."

"எந்த ஸ்டேஷன்னாச்சும் தெரியுமா?"

"தெரியலம்மா."

அவர் எழுந்து வருவதற்குள் திரையை அணைத்திருந்தேன். ஒரே விஷயத்துக்கு இரண்டாவது போன் போனால் சராசரி கெட்டுவிடும். எங்கள் சேவையை மற்ற மாவட்டங்களுக்கும் கொடுக்கலாம் என்று பேச்சு நடந்துகொண்டிருந்த வாரம் அது. அம்மாள் தன் செல்போனில் ஸ்டேஷன் ஸ்டேஷனாகக் கூப்பிட்டார். எல்லாரும் அப்படி ஒரு ஆள் இங்கே இல்லை என்றார்கள். இரண்டு ஸ்டேஷனில் போனை எடுக்கவில்லை. அதில் எது என்று எனக்குத் தெரியும். பஸ்ஸுக்கு நேரமாகிறதே அம்மா என்றேன், அக்கறையாகத்தான்.

நான் யாரையும் அடிக்கவில்லை, யாரையும் அடைத்து வைக்கவில்லை. வந்த போனை நேரத்தோடு முடித்தேன்.

மறுநாள் காலை எட்டேகாலுக்கு, கோர்ட்டுக்குப் போகிற வழியில், ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம் கோவில் பக்கத்தில் ஜீப்பிலேயே சுந்தரபாண்டியன் இறந்துபோனார். அவர் மனைவி ஈஸ்வரி கோர்ட் வாசலில் மாற்றுச் சட்டையோடு நின்றிருந்தார்.