இரண்டு தொட்டி மாமா

“மாமா, என் கணக்குல நீங்க ரெண்டு தொட்டி.”

‘பென் தான்’ என்ற நிலையத்தில் மெட்ரோ ஏறிய பெண், டயாலிசிஸ் முடித்து வந்த தன் மாமாவிடம் மடிக்கணினியில் ஒரு வளைகோட்டைக் காட்டினாள். நான் எதிர் இருக்கையில் இருந்தேன்.

“ரத்தம் ஒண்ணு, சதை ஒண்ணு. போன டயாலிசிஸுக்கு அப்புறம் ரெண்டுலயும் யூரியா இவ்வளவுதான் ஏறியிருக்கணும். இன்னைக்கு டயாலிசிஸுக்கு முன்னாடி எடுத்த ரிப்போர்ட்ல ரொம்ப மேல இருக்கு. கறி சாப்பிட்டீங்களா?”

“கோழி போட்ட ஃபோ நூடுல்ஸ் சூப், ஒரு கிண்ணம். அத்தைகிட்ட சொல்லிடாதம்மா, அப்புறம் தினமும் கஞ்சிதான்.”

அவள் அதையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தாள்.

“ஒரு கிண்ணத்துக்குக் கோடு பாதி தூரந்தான் ஏறுது. உண்மையைச் சொன்னா அத்தைகிட்ட சொல்ல மாட்டேன்.”

அவர் மடிக்கணினித் திரையை எட்டிப் பார்த்தார்.

“ரெண்டு தொட்டின்னு நீதானே சொன்னே. தொட்டிக்கு ஒண்ணு.”