சங்கையாவின் கையெழுத்தை எங்களுக்குத் தந்த தேவகிருபை டீச்சருக்கு

கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் கொண்டு எங்கள் கண்களைத் திறந்த கல்வித் தாயே! ராஜபாளையம் பருத்தி அரவை ஆலையில் பதினைந்து ஆண்டுகள் பாடம் சொல்லி இன்று விடைபெறும் பெருந்தகையே! வணக்கம். அலங்காரமாகப் புகழ எங்களுக்கு வராது. நடந்ததைச் சொல்கிறோம்.

முதலாளி சங்கையா விஷக்காய்ச்சலில் இறந்தபோது அவர் மனைவி பிச்சையம்மாளுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. வந்த கடிதங்களைக் கொழுந்தனார் பொன்னுராஜ்தான் படித்துச் சொன்னார். படிக்காமலும் முதலாளி ஆகலாம் என்பார்கள். ஆகலாம், ஆனால் கடிதத்தைப் படித்துச் சொல்கிறவன்தான் அங்கே உண்மையான முதலாளி. பிச்சையம்மாள் இதைச் சீக்கிரமே உணர்ந்தார். மிஷன் பள்ளியிலிருந்து உங்களை அழைத்து வந்தார்.

எழுதிப் பழக மாதிரி வேண்டும் என்றீர்கள். அவரிடம் இருந்தவை கணவர் எழுதிய பழைய கடிதங்கள் மட்டுமே. அந்த எழுத்துகளின் மேலேயே பேனாவை ஓட்டச் சொன்னீர்கள். ஓட்ட ஓட்ட, தன் விரல்களின் மேல் வேறு விரல்கள் படிவதுபோல் அவருக்கு இருந்தது. கையை உதறினாலும் அது போகவில்லை. ஓராண்டில், தரகரைத் தள்ளி வைத்துவிட்டு, தூத்துக்குடி வியாபாரிகளுக்கு அவரே விலை கேட்டு எழுதினார். வந்தது வினை! 'ழ'வின் நீண்ட வால், வரி முடிவில் கீழே சரியும் சாய்வு என எல்லாம் அப்படியே சங்கையாவின் கையெழுத்து.

“செத்தவன் எழுதுதான்” என்று ஊர் பேசியது. வன்னியம்பட்டிப் பருத்தி வண்டிகள் ஆலை வாசலோடு திரும்பின. பொன்னுராஜ் பட்டப்பகலில் பேயோட்டும் கோடாங்கி ஒருவரைக் கூட்டி வந்தார்.

“மதினி, அண்ணன் உங்க மேல இறங்கியிருக்கு. சாவியக் குடுத்துட்டு வீட்டுல கெடங்க.”

“இருந்தப்பவே அவிய எம்பேச்சக் கேட்டதில்ல. செத்த பொறவு வந்து எனக்குக் குமாஸ்தா வேலையா பாக்கப் போறாவ?” என்றார் பிச்சையம்மாள்.

குரல் திடமாக இருந்தது. சாவியை இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டார். சாவி போனால் ஆலை போகும் என்று அவருக்குத் தெரியும். எழுதுவது தன் கைதானா என்பதுதான் தெரியவில்லை.

நீங்கள் முன்னே வந்தீர்கள். “செத்த நேரம் பொறுங்க” என்று கோடாங்கியை நிறுத்திவிட்டு, உங்களிடம் மாலையில் படித்துக்கொண்டிருந்த எங்களைக் கூப்பிட்டீர்கள். பிச்சையம்மாள் எழுதிய தாள்களின் மேல் எழுதிப் பழகியவர்கள் நாங்கள். ஆளுக்கொரு கரித்துண்டு தந்து, “பொதி மேல ‘மழை’னு எழுதுங்கப்பா” என்றீர்கள். எழுதினோம். எல்லாப் பஞ்சுப் பொதியிலும் அதே நீண்ட வால்.

கோடாங்கி உடுக்கையைத் துணியில் சுற்றினார். “பேயி ஒரு ஆளத்தான்யா பிடிக்கும். அம்புட்டுப் பேரையும் பிடிச்சா அது பள்ளிக்கூடம். எனக்கு இங்க சோலி இல்ல.”

வண்டிகள் மறுபடி வந்தன. பிச்சையம்மாள் தேவதானத்தில் இரண்டாவது ஆலையும் வைத்தார். அதற்கான கடிதம் ஒன்றைக்கூட அடுத்தவர் படித்துச் சொல்லவில்லை. அறிவின் அரணே, அது உங்கள் கொடை!

ஆனாலும் டீச்சர், ஒன்று எங்களை உறுத்துகிறது. எங்கள் பிள்ளைகளுக்கு அச்சுப் புத்தகத்தைப் பார்த்துத்தான் எழுதக் கற்றுத் தந்தீர்கள். சங்கையாவின் ஒரு தாளைக்கூட அவர்கள் கண்டதில்லை. அவர்களும் அந்த வாலைத்தான் நீட்டுகிறார்கள். அச்சுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தோம், அதில் அந்த வால் இல்லை.

கண்ணொளி குறையாமல், கால் தளராமல் நெடுங்காலம் இருங்கள். கீழே நாங்கள் தனித்தனியே கையொப்பமிட்டிருக்கிறோம். ஒரே ஆள் போட்டதாகத் தோன்றும். இல்லை.

அரவை ஆலைத் தொழிலாளர்கள்,
ராஜபாளையம், 1946.