மூணு நிமிஷத்துக்கு ஒரு சாவு

– செத்துருச்சு பாருங்க அத்தான். மறுபடியும்.

– பொழச்சுக்கும். இரு... ஆங், வெளிச்சம் வந்துருச்சு.

– எத்தனை நாளா இப்படி?

– நாலஞ்சு நாளா. மூணு நிமிஷம் நல்லா இருக்கும், பொசுக்குனு போயிரும், தானா வரும். உங்க அக்கா கோபம் மாதிரியே.

– அக்கா போனத் தூக்கிட்டு வந்து அக்காவையே பேசுறீங்க. கடையில கேமரா இருக்கு.

– அதுல சத்தமும் பதியுமா?

– பதியாது. ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு? அந்தக் கேபிளக் குடுங்க. போன் ஒவ்வொரு தடவ சாகும்போதும் உள்ள லாக்னு ஒரு குறிப்பு எழுதி வச்சுட்டுத்தான் சாகும். கம்ப்யூட்டர்ல போட்டா படிச்சுரலாம்.

– என்ன எழுதும்?

– யாரால செத்தேன்னு.

– பேரெல்லாமா எழுதும்?

– எழுதும். ஆள் பேரு இல்ல, பார்ட்ஸ் பேரு. ஏன் மூஞ்சி வெளிறிப்போச்சு?

– கொழுந்தியா கடைக்கு வந்தா ஒரு டீ கூட கிடையாது. அதான்.

– பேச்ச மாத்தாதீங்க. இந்தா வந்துருச்சு. இந்த ஒரு வரியப் பாருங்க... 'மைக் சென்சார் காணோம்'.

– காணோம்னா? ஓடிப்போயிருச்சா?

– பதில் சொல்லலன்னு அர்த்தம். மூணு நிமிஷத்துக்கு ஒருதரம் போன் உள்ள இருக்கிற எல்லாரையும் கூப்பிட்டு 'இருக்கியா, இருக்கியா'ன்னு கேக்கும். ஒருத்தர் வாயத் திறக்கலன்னாலும் பதறிப்போயி மயங்கி விழுந்துரும்.

– ஒருத்தன் பேசலன்னு குடும்பத்தோட சாகுறதா!

– கொஞ்சம் ரோஷக்கார போன்.

– மைக்கா? நல்லாப் பாரு. ஸ்பீக்கர்னு போட்டுருக்கா?

– மைக். ஏன், ஸ்பீக்கரா இருக்கணுமா?

– சும்மா கேட்டேன்... சரி, ஒண்ணு பண்ணு. 'இது தேறாது, தூக்கிப் போடு'ன்னு உங்க அக்காகிட்ட ஒரு வார்த்த சொல்லிரு.

– தேறுமே.

– தேற வேணாம்.

– ஞாயித்துக்கிழமைக்குள்ள வேணும்னுதானே உங்ககிட்ட குடுத்து அனுப்பினா?

– அதனாலதான் வேணாங்குறேன்.

– ஓஹோ... குறட்டையா?

– உனக்கும் சொல்லிட்டாளா!

– குடும்ப குரூப்புலயே போட்டுட்டாளே. 'என் வீட்டுக்காரர் குறட்டைக்கு ஆதாரம் என் போன்ல இருக்கு. ஞாயிறு மதியம் சாப்பிட்டதும் எல்லாரும் கேக்கலாம்'னு. உங்க தங்கச்சி பெரிய ஸ்பீக்கரோட வரேன்னு சொல்லிருக்காங்க.

– பெரிய ஸ்பீக்கரா... அத நான் யோசிக்கல.

– எத யோசிக்கல?

– ஒண்ணுமில்ல. ஏய், முதுக ஏன் கழட்டுற? வேணாம்!

– லாக் பாதிதான் சொல்லும். மீதிய கண்ணால பாக்கணும்... அத்தான், இங்க ஒரு ஸ்க்ரூ காணோம். இன்னொண்ணு தலை நசுங்கிக் கிடக்கு. யாரோ கத்தியப் போட்டுத் திருகியிருக்காங்க.

– கத்தி இல்ல. நகவெட்டி.

– நீங்களா!

– கத்தாத. வாசல்ல ஆள் நிக்குது.

– குறட்டை விட்டா விட்டுட்டுப் போங்களேன். எங்க அப்பா விடலியா? தெருவே எந்திரிக்கும். அதுக்காக ஒரு போனக் கொல்லுவீங்களா?

– குறட்டை என்னுது இல்லம்மா.

– பின்ன யாருது?

– அந்தக் கட்டில்ல ரெண்டு பேருதான் படுக்குறோம்.

– அத்தான்!

– மெதுவாங்குறேன்ல.

– அக்காதானே உங்கள எழுப்பித் திட்டுறா?

– அவ குறட்டைக்கு அவளே திடுக்குனு முழிச்சுக்குவா. முழிச்ச உடனே எனக்கு விலாவுல ஒரு இடி. 'மனுஷியத் தூங்க விடுறீங்களா'ன்னு கேப்பா. நான் 'மன்னிச்சுக்கம்மா'ன்னுட்டுத் திரும்பிப் படுத்துக்குவேன். கல்யாணம் ஆனதுலேர்ந்து இதுதான்.

– வாயத் திறந்து சொல்லலாம்ல?

– மொத நாள் சொல்லியிருக்கணும். இப்ப ஊருக்கே தண்டோரா போட்டுட்டா. அந்தச் சத்தத்த என் தங்கச்சி கேட்டான்னு வையி, இது எங்கண்ணன் இல்லன்னு அடுத்த நொடி சொல்லிருவா. நான் வளந்த வீட்ல என் பக்கத்துல படுத்தவ. அப்புறம் ஆயுசுக்கும் உங்க அக்காவச் சும்மா விடமாட்டா. எல்லாரும் சிரிக்க, இவ முகம் சுருங்கி உக்காந்திருக்க... என்னால அதப் பாக்க முடியாதும்மா. குறட்டை என் பேர்லயே இருந்துட்டுப் போகட்டும்.

– அந்த ரெகார்டிங்க அழிச்சிருக்கலாமே.

– பாஸ்வேர்டு தெரியாது.

– பொண்டாட்டி பாஸ்வேர்டு தெரியாதா?

– கேட்டா சந்தேகப்படுவா. அதான், சத்தம் வராம இருக்கட்டும்னு ஸ்பீக்கர் வயரப் புடுங்குனேன். அது என்னடான்னா மூணு நிமிஷத்துக்கு ஒருதரம் சாக ஆரம்பிச்சுருச்சு.

– என்னிக்குப் புடுங்குனீங்க?

– புதன்கிழமை. அவ குளிக்கப் போனப்ப.

– ம்ம்... சரி அத்தான், தேறாதுன்னே சொல்லிடுறேன். நீங்க கெளம்புங்க.

– ஏன், லாக்ல என்ன போட்டிருக்கு? கம்ப்யூட்டர இந்தப் பக்கம் திருப்பு.

– அதெல்லாம் உங்களுக்குப் புரியாது.

– கிழமை புரியும்... செவ்வாய்க்கிழமையா? மொத சாவு செவ்வாய்க்கிழமையா? நான் கை வைக்கிறதுக்கு முந்தியேவா?

– கேபிளக் கழட்டணும், கைய எடுங்க.

– யாரு அது? ஏய், ஏன் குனிஞ்சுக்குற? என்னைப் பாத்துச் சொல்லு.

– நீங்க புடுங்குனது ஸ்பீக்கரே இல்ல அத்தான், போன அதிர வைக்கிற மோட்டர். அது இல்லாட்டி போன் கண்டுக்கவே கண்டுக்காது. மைக்கப் புடுங்குனது நான். நீங்களே தேறாதுன்னு சொல்லச் சொன்னதும்தான் சந்தேகப்பட்டு 'தேறுமே'ன்னு வாயக் கிளறினேன். குரூப்புல போட்டப்புறம்தான் முழுசாக் கேட்டாளாம், செவ்வாய்க்கிழமை அக்காவே வந்தா. அந்த ரெகார்டிங்கப் போட்டுக் காட்டினா... ஒரு பக்கம் குறட்டை ஓடுது, அதுக்கு நடுவுல நீங்க எந்திரிச்சு 'குளிருதாம்மா'ன்னு கேட்டுட்டுப் போர்வையப் போத்தி விடுறீங்க. கேட்டுட்டு இந்த ஸ்டூல்லதான் உக்காந்து அழுதா. 'ஞாயித்துக்கிழமைக்குள்ள இதக் கொன்னுருடி. அவர்கிட்டயே குடுத்து ரிப்பேருக்கு அனுப்புறேன், நீ தேறாதுன்னு சொல்லிரு. குறட்டை என்னுதுன்னு மட்டும் அவருக்குத் தெரிஞ்சுரக் கூடாது'ன்னா. தெரிஞ்சா என்னக்கான்னு கேட்டேன்... 'அப்புறம் ராத்திரி நான் யாரடி இடிக்கிறது?'ன்னா.