கட்டிலுக்கு அடியில் இருந்த பேட்டரி

இரவு பதினொன்று இருக்கும். ஆண்டிமடத்துக்கு இந்தப் பக்கம், முந்திரிக்காட்டு ரோடு. இரண்டு பக்கமும் இருட்டு. ரோட்டை விட்டு இறங்கி, மரத்தடியில் ஒரு வேன் நிற்கிறது. உள்ளே மூன்று பேர். மூன்று பேரும் கண்ணை மூடிப் படுத்திருக்கிறார்கள். ஒருவர்கூடத் தூங்கவில்லை...

எனக்கு நடந்ததில்லை இது. என் சிநேகிதன் அரவிந்தன் இருக்கிறானே, அவனுடைய பெரியப்பா மகன் இளையபெருமாளுக்கு நடந்தது. அவரே என்னிடம் சொன்னார். சொல்லும்போது ஒரு தடவைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை.

ரொம்ப வருஷம் சிங்கப்பூரில் கிரேன் ஓட்டியவர். அத்தனை வருஷமும் அவர் மனைவி வேணி பெரம்பலூரில் தனியாகத்தான் இருந்தாள். திரும்பி வந்ததும் அவளை ஊர் ஊராக அழைத்துப்போக வேண்டும் என்று ஒரு வேனை வாங்கி, உள்ளே கட்டில், அடுப்பு, ஃபேன், சின்ன ஃபிரிட்ஜ் எல்லாம் வைத்து வீடு மாதிரி ஆக்கினார். வண்டி ஓட்ட வேணியின் தம்பி தர்மன்.

வண்டியைக் கிளப்ப ஒரு பேட்டரி உண்டு. ஆனால் விளக்குக்கும் ஃபேனுக்கும் தனியாக ஒன்று வேண்டும். இல்லையென்றால் காலையில் வண்டி கிளம்பாது. கடைக்காரர் இரண்டு வகை சொன்னார். லித்தியம் என்றால் எடை குறைவு, தண்ணீர் ஊற்ற வேண்டாம், விலைதான் அதிகம். டியூபுலர் என்றால், வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கிற ஆசிட் பேட்டரி, கனம். மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து பேட்டரித் தண்ணீர் பார்க்க வேண்டும், முனையில் வெள்ளையாகப் பூக்காமல் வாஸ்லின் தடவ வேண்டும், சார்ஜைப் பாதிக்குக் கீழே இறங்க விடக் கூடாது.

இளையபெருமாள் லித்தியம்தான் வாங்க இருந்தார். தர்மன்தான் தடுத்தான். வாலிகண்டபுரம் பக்கம் ஒரு வீட்டில் டியூபுலர் ஒன்று சும்மா கிடக்கிறது, அதிகம் ஓடக்கூட இல்லை, பார்த்துக்கொண்டால் பல வருஷம் வரும் என்றான். அவனே போய்த் தூக்கி வந்தான். கட்டிலுக்கு அடியில் பெட்டி செய்து, பேட்டரி வாயு வெளியே போக ஒரு குழாய் விட்டு, வைத்தார்கள். தலைமாட்டில் ஒரு மீட்டர். எவ்வளவு சார்ஜ் இருக்கிறது, எவ்வளவு செலவாகிறது என்று காட்டும்.

முதல் பயணத்திலேயே ஆரம்பித்தது.

படுக்கும்போது மீட்டரில் நூறு. எல்லா சுவிட்சும் அணைத்தாகிவிட்டது. விடிந்தால் நாற்பது. அடுத்த இரவும் அதேதான். பெட்டியைத் திறந்தால் அழுகிய முட்டை வாடை. தண்ணீர் இறங்கியிருக்கும்.

மச்சினன் பாழாய்ப் போனதைத் தலையில் கட்டிவிட்டான் என்று முதல் சந்தேகம். பெரம்பலூர் கடையில் கொண்டுபோய்க் காட்டினார். கடைக்காரர் ஒவ்வொரு அறையிலும் திரவத்தை உறிஞ்சி அடர்த்தி பார்த்தார். எல்லாம் ஒரே அளவு. பேட்டரியில் குறையில்லை, யாரோ கரண்டை எடுக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார்.

யாரோ என்றால்... வண்டியில் இருப்பது மூன்று பேர்.

அதற்குப் பிறகு இளையபெருமாள் தர்மனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் போனை எங்கே செருகுகிறான், ராத்திரி எதற்கு எழுந்திருக்கிறான் என்று. தர்மனும் இவரிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டான். இரண்டு பேருக்கும் நடுவில் வேணி சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

அப்படித்தான் அந்த முந்திரிக்காட்டு இரவு. அன்று அவர் யாருக்கும் தெரியாமல் ஒரு வேலை செய்திருந்தார். ஃபியூஸ் அத்தனையும் பிடுங்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். மீட்டரில் செலவு பூஜ்யம் காட்டியது. இனி எடுக்கிறவன் பேட்டரியில் நேராகத்தான் கை வைக்க வேண்டும். வைக்கட்டும், பிடித்துவிடலாம் என்று, அரைக்கண்ணால் மீட்டரைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. முந்திரிச் சருகு மட்டும் உரசிக்கொண்டிருந்தது.

பிறகு மீட்டர் எண் மாறியது. ஐந்து. பன்னிரண்டு. முப்பது. முப்பதில் நின்றது. ஏதோ ஒரு பெரிய மிஷின் ஓடுகிற கணக்கு.

கட்டிலுக்கு அடியிலிருந்து சத்தம். புஸ்ஸ்ஸ்... டக். கொஞ்சம் இடைவெளி. புஸ்ஸ்ஸ்... டக்.

டார்ச்சை அடித்தார். பெட்டி மூடியபடி இருந்தது. முன்சீட்டில் தர்மன் கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தான்.

“என்னடா மாட்டி வச்சிருக்க உள்ள?”

“நான் எதுவும் மாட்டல மாமா. மொத நாள்லேருந்து எனக்கும் கேக்குது.”

பக்கத்தில் வேணி எழுந்து உட்கார்ந்தாள். அவள் குரலே மாறியிருந்தது.

“நீங்கதான் மூச்சு வாங்குறீங்கன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்...”

அப்புறம்தான் தர்மன் சொன்னான். அந்த வீட்டில் முருகையன் என்று ஒரு பெரியவர். நெஞ்சுச்சளி முற்றி, ஆக்ஸிஜன் மிஷின் வைத்துத்தான் மூச்சு. கரண்ட் போனாலும் மிஷின் ஓட வேண்டும் என்று வாங்கியது இந்தப் பேட்டரி. ஒரு ராத்திரி கரண்ட் போனது. பெரியவரும் போய்விட்டார். அக்கா பயப்படுவாள் என்று அவன் இதைச் சொல்லாமல் இருந்துவிட்டான்.

“பேட்டரி தீந்து போச்சா?” என்று கேட்டார் இளையபெருமாள்.

“இல்ல மாமா. ஃபுல்லா இருந்துச்சாம். ஒயர்தான் கழண்டு கெடந்துச்சாம்.”

“யாரு கழட்டுனா?”

வீட்டில் அன்றைக்கு இருந்தது பெரியவரின் மருமகள் ஜெயசித்ரா மட்டும்தான் என்றான் தர்மன்.

இளையபெருமாளுக்கு அப்போதும் நம்பிக்கை இல்லை. செய்வதையும் செய்துவிட்டுக் கதை கட்டுகிறான் என்றுதான் நினைத்தார். ஸ்பேனரை எடுத்தார். மெத்தையைத் தள்ளிப் பலகையைத் திறந்தார். உள்ளே பேட்டரி மட்டும்தான். வேறு ஒன்றும் இல்லை. வேணி கையைப் பிடித்தாள், வேண்டாம் என்றாள். அவர் உதறிவிட்டு மைனஸ் முனையைக் கழற்றினார்.

மீட்டர் அணைந்தது.

சத்தம் அணையவில்லை.

புஸ்ஸ் இல்லை, டக் இல்லை. இப்போது வெறும் இழுப்பு. ஹ்ஹக்... ஹ்ஹக்... என்று, வேகமாக, ஒன்றன்மேல் ஒன்றாக. வண்டிக்குள் தைலம் வாடை, மூத்திர வாடை. கட்டிலின் மிச்சப் பலகை அவர் முழங்காலுக்குக் கீழே ஆடியது. யாரோ குதிகாலால் அடிக்கிற மாதிரி. முனையைத் திரும்ப மாட்டப் பார்த்தார், முடியவில்லை. ஸ்பேனர் விழுந்துவிட்டது. தர்மன் தாவி வந்து இருட்டில் தேடினான். அவன் கைக்கு அது கிடைத்தபோது...

நின்றுவிட்டது.

மூன்று பேரும் வெளியே இறங்கி, விடிகிறவரை ரோட்டிலேயே நின்றார்கள். தர்மன் தோளை இளையபெருமாள் பிடித்துக்கொண்டே இருந்தாராம். வெளிச்சம் வந்ததும் கிளம்பினார்கள். அரியலூர் தாண்டி, சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னாலேயே ஊர்ந்து, வாலிகண்டபுரம் போய்ச் சேர்ந்தார்கள்.

அந்த வீட்டு வாசலில் பேட்டரியை இறக்கி வைத்தார்கள். உள்ளேயிருந்து ஜெயசித்ரா வந்தாள். ஏன் திருப்பிக் கொண்டுவந்தீர்கள் என்று அவள் கேட்கவே இல்லை. குனிந்து, அந்த மைனஸ் முனையைப் பார்த்தாள். விரலால் தொட்டாள்.

“நீங்களும் கழட்டிட்டீங்களா?”

இளையபெருமாள் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

அவள் நிமிர்ந்தாள். வீட்டுக்குள் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டாள்.

“சீக்கிரம் நின்னுடுச்சா? எங்க வூட்ல ரொம்ப நேரமாச்சு.”