ஒன்பதை அழுத்தினால்

எங்கள் மீன் கம்பெனிக்கு இப்போது போன் போட்டாலும் என் குரல்தான் எடுக்கும், சார். சிதம்பரம் கிளைக்கு ஒன்று, கடலூர் ஆபீசுக்கு இரண்டு, அவசரமென்றால் ஒன்பது. நல்ல குரல் என்று எல்லாரும் சொல்வார்கள்.

புது மேனேஜர் அறிவழகன்தான் அந்த மிஷினைக் கொண்டுவந்தார். நான் டெலிபோன் ஆபரேட்டர். என்னைப் பேசச் சொல்லிப் பதிவு செய்தார். எந்த எண்ணை அழுத்தினால் யாருக்குப் போகவேண்டும் என்று அமைக்கிற வேலையையும் என் தலையிலேயே கட்டினார். எல்லாம் முடிந்த அன்று, "அடுத்த மாசத்துலேருந்து வர வேணாம் ஜான்சிக்கா. அதான் உங்க குரல் இருக்குதே" என்று சிரித்தார்.

வீட்டுக்காரர் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். இந்த வயதில் எனக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்? ஆனாலும் "சரிங்க சார்" என்றுதான் சொன்னேன்.

மீன் வைக்கும் குளிர் அறைக்குள் ஒரு போன் உண்டு. செல்போனுக்கு அங்கே டவர் கிடைக்காது. ஒன்பதை அழுத்தினால் கேட்டில் இருக்கும் வாட்ச்மேன் யாகப்பனுக்கு மணி அடிக்கும். அதை என் வாய்ஸ்மெயிலுக்குத் திருப்பினேன்.

சனிக்கிழமை மதியமே எல்லா ஆபீசிலும் ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். மேனேஜர் மட்டும் ஸ்டாக் பார்க்க அந்த அறைக்குள் போவார், கதவுக்கு ஒரு பெட்டியை முட்டுக்கொடுத்துவிட்டு. உள்பக்கக் கைப்பிடி உடைந்து கிடந்தது. மாற்றச் சொன்னால், "இப்ப என்ன அவசரம்" என்பார். அந்தச் சனிக்கிழமை பெட்டியை நகர்த்திக் கதவைச் சாத்தியது நான்தான். குளிர் வெளியே போனால் கரண்ட் பில் ஏறுமென்று அவரே எத்தனை தடவை கத்தியிருக்கிறார்.

சீட்டில் வந்து உட்கார்ந்தேன். செய்தி வந்ததற்கான விளக்கு மினுக்கியது. "என்னக்கா இது, யாகப்பனுக்கு அடிச்சா உங்களுக்கு வருது?" என்று முதலில் அதட்டல். ஒவ்வொரு தடவையும் என் குரல் அவருக்குப் பதில் சொல்லியிருக்கும்: ஜான்சி இப்போது இடத்தில் இல்லை, செய்தியைச் சொல்லுங்கள். கடைசியாக, "தெரியாம சொல்லிட்டேங்க்கா. வேலைக்கு வாங்க. கை மரத்துப்போச்சுக்கா, கதவ மட்டும் தெறந்துவுடுங்க." அதற்குப் பிறகு பல் தந்தியடிக்கிற சத்தம்தான் இருந்தது.

மறுநாள் காலையில் அவரைக் கட்டையாக வெளியே எடுத்தீர்கள். ஆனால் வாக்குமூலத்தில் என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று மட்டும் எழுதாதீர்கள். அந்தச் செய்தியைக் கேட்டதும் எனக்கு மனசு தாங்கவில்லை, சார். நேரே மாதா கோயிலுக்குப் போய் முழங்காலில் நின்றேன். யாராவது வந்து அந்தக் கதவைத் திறந்துவிட வேண்டுமென்று அழுது மன்றாடினேன். அவர் சம்சாரம்கூட அவருக்காக அப்படி மன்றாடியிருக்க மாட்டாள்.