பதினோராம் பாத்தி

இல்ல மிஸ், பிரஷாந்தி டீச்சர் இப்ப இஞ்ச இல்ல. நேசரி விட்டு வர பன்னெண்டரை ஆகும். அவதான் இந்தத் தோட்டத்துக்குத் தலைவி. நான் மக்டலின். அந்தா, பச்சைக் கேற் போட்ட ஊடு என்ட. ஸ்கூல் யூனிபோம் தைக்கிற நான். இப்ப லீவு காலம், மெசின் சும்மா கிடக்கு, அதால நான் இஞ்ச கிடக்கிறன். நீங்க பிரதேச சபையில இருந்து வந்திரிக்கிறீங்க எண்டு அந்த பைலப் பாத்தே விளங்கிட்டு. வாங்க, நான் சுத்திக் காட்டுறன். பாத்து, அதில ஹோஸ் கிடக்கு.

ஓ, வெள்ளிக்கிழமையா கூட்டம்? அதிலதான் முடிவா? காணியத் தோட்டத்துக்கெண்டு தந்து தண்ணி பைப்பும் போட்டுத் தாறதா, இல்லாட்டி எல்லாத்தையும் வழிச்சுப் போட்டு வாகனம் நிப்பாட்டுற இடமாக்கிறதா எண்டு. சரி சரி. அப்ப வடிவாப் பாருங்க. எழுதுறதெல்லாம் எழுதுங்க.

மொத்தம் பதினொரு பாத்தி. பதினொரு குடும்பம். இது ஸஹீதாட கங்குன் கீரை. காத்தான்குடியில இருந்து இஞ்ச கலியாணம் முடிச்சு வந்தவ. அவ கை வச்சா கல்லும் தளிர்க்கும் மிஸ். இது வெண்டி, இது உறைக்கிற கொச்சிக்கா. அந்த மூலையில வல்லாரை. அது ஆரும் நடல்ல, தானா வந்திச்சு, பாவமெண்டு விட்டிரிக்கம். மண் வெறும் கடல் மணல்தான். உமி, மாட்டெரு, சந்தையில மீன் வெட்டுற இடத்துக் கழிவு எல்லாம் மண்ணுக்குள்ள தாட்டுத் தாட்டுத்தான் இந்த நிறத்துக்கு வந்திச்சு. அந்தா கிணறு. மழைக்கு நல்ல தண்ணி. இப்ப பாருங்க, ஆறு வத்தின கையோட உப்பு ஏறிப் போச்சு. கொச்சிக்கா நுனி கருகிறது அதாலதான். ஒரு பைப் இருந்தாப் போதும் மிஸ். ஒண்டே ஒண்டு.

என்ன? நுளம்பு பெருகிக் கடிக்குதா? இஞ்சயா? வாங்க, இந்தத் தண்ணிப் பரலத் திறந்து பாருங்க. திறங்க, பயப்பிடாதீங்க. எல்லாப் பரலுக்கும் வலை. நான் தைச்சது, சுத்திவர லாஸ்டிக் போட்டு, பாவாடை மாதிரி. ஒரு புழு கிடந்தாக் காட்டுங்க, நான் இந்தத் தண்ணியக் குடிக்கிறன். பைலில அப்பிடி எழுதியிரிக்கா? ம். சரி, வாங்க, இந்தக் கதிரையில இருங்க. வேப்ப மரத்துக்குக் கீழ நல்ல காத்து. பிளாஸ்கில தேத்தண்ணி இரிக்கு. சீனி போடலாமா? நல்லது. என்ட மனிசனுக்குப் போட ஏலா, சீனி வருத்தம். ஊட்டில யோசேப்புக்கு ஒளிச்சுத்தான் நான் சீனித் தேத்தண்ணி குடிக்கிற.

இந்த இடத்த நீங்க ஒரு வருசத்துக்கு முதல் பாத்திரிக்கணும். குப்பை மலை. ஆரும் வந்து கொட்டலாம் எண்டு எழுதி வச்ச மாதிரி. நாய் செத்தா இஞ்ச. கல்லு, கண்ணாடி, பழைய மெத்தை எல்லாம் இஞ்ச. டீச்சர்தான் ஊடு ஊடாப் போய்க் கேட்ட, இதத் துப்புரவாக்குவமா, மரக்கறி போடுவமா எண்டு. இந்த ஜனவரியில துவங்கினம். ஒம்பது நாள் மிஸ். ஒம்பது நாளும் நான் நிண்டன். போத்தில் கிழிச்சு இந்தா, மூணு தையல். ஒரு முழுக் கக்கூசுக் கொமட் கிடந்திச்சு, நம்பமாட்டீங்க. ஆர் கொண்டந்து போட்டானோ. தூக்க ஏலாம உருட்டிக்கொண்டு போனம். அந்தா அதுக்குள்ளதான் புதினா வச்சிரிக்கிறம். சிரிங்க, சிரிங்க. நல்லாக் கழுவித்தான் வச்ச.

மறுகா பாத்தி பிரிக்கக்குள்ள பத்தொம்பது ஊட்டுக்காரர் வந்திட்டாங்க. இடம் பதினொண்டுக்குத்தான் காணும். அப்ப என்ன செய்ற? சீட்டு. என்ட ஊட்டுப் பேசினுக்குள்ளதான் துண்டுகளப் போட்டுக் குலுக்கின.

எனக்கா? எனக்கு வெறுந்துண்டு விழுந்திச்சு.

சே, என்ன கோவம். சீட்டுத்தானே. அதுக்கு ஆர் பொறுப்பு.

சரி, கொஞ்சம் கோவம்தான். கையில தையலோட நிக்கிறன். ஒம்பது நாளில ஒரு நாளும் இந்தப் பக்கம் எட்டியும் பாக்காத மனிசனுக்குப் பதினோராம் பாத்தி விழுகுது. அந்தா, பந்தல் போட்டிரிக்கிற அது. கிணத்துக்குக் கிட்ட, வெயிலும் நிழலும் கணக்கா விழுற இடம். அழகரத்தினம் அண்ணர் எண்டு, பஸ் ஓடிப் பென்சன் எடுத்தவர். கதை குறைவு. கேட்டா ஓம், இல்லாட்டி இல்ல. அந்த ஒம்பது நாளும் தங்கச்சிக்கு ஆஸ்பத்திரியில துணைக்கு நிண்டவராம். எனக்கு அது மறுகாதான் தெரியும். அவரும் சொல்லல்ல, நானும் கேக்கல்ல.

ஆனா மனிசன்ட கை இரிக்கே. பாவக்காதான் போட்டவர், வேற ஒண்டும் இல்ல. விடிய வந்தா ஒவ்வொரு கொடியாப் பிடிச்சு, பிள்ளைக்குத் தலை வாருற மாதிரி நூலில ஏத்தி விடுவார். பிஞ்சுக்கெல்லாம் கடுதாசிப் பை கட்டுவார், பூச்சி குத்தாம. நாங்க இஞ்சால நிண்டு சிரிப்பம், பாவக்காய்க்கு யூனிபோம் போடுறார் எண்டு.

ஓம், இப்ப அது என்ட பாத்திதான். அதெப்பிடி எண்டு கேக்கிறீங்க. கேக்கத்தான் வேணும்.

மார்ச்சில ஒரு சண்டை வந்த மிஸ். அந்த மீன் கழிவு தாட்ட நாள். வெயில் ஏற ஏற அந்த நாத்தம் வந்திச்சு பாருங்க, ரெண்டு ஒழுங்கைக்கு. அழகரத்தினம் அண்ணர் டீச்சரோட நேருக்கு நேர் நிண்டு சொன்னார், இதத் துப்புரவா மூடல்லையெண்டா நான் சபைக்கு எழுதுவன் எண்டு. கோவத்தில சொன்ன கதை. அண்டைக்குப் பின்னேரமே மண்வெட்டிய எடுத்துத் தானே வந்து மூடியும் விட்டார். ஆனா சொன்னது சொன்னதுதானே. எல்லாருக்கும் காது இரிக்கு.

ஏப்ரலில ஒரு கதை வந்திச்சு, தோட்டத்துக்கு எதிரா சபைக்கு ஆரோ பெட்டிசம் போட்டிரிக்காம் எண்டு. அவ்வளவுதான். வேற ஆளத் தேட வேண்டியே இருக்கல்ல. ஒரு ஞாயித்துக்கிழமை, பின்னேரம் அஞ்சு மணி போல, இந்த வேப்ப மரத்துக்குக் கீழதான் எல்லாரும் கூடின. டீச்சர் கேட்டா, அண்ணன், நீங்கதானே எழுதுவன் எண்டு சொன்ன நீங்க. அவர், சொன்னன், எழுதல்ல எண்டார். அப்ப ஆர் எழுதின எண்டு கேட்டாங்க. எனக்குத் தெரியா எண்டார். ஒருத்தரும் நம்பல்ல. ஒராள் சொல்லிச்சு, துப்புரவாக்க வராத மனிசன்தானே, இந்த மண்ணில இவருக்கு என்ன பாசம் இருக்கப் போகுது எண்டு.

நான் தேத்தண்ணித் தட்டோட நிண்டன். அவருக்கும் ஒரு கப் நீட்டினன். வாங்கினார். வாங்கி, குடிக்காம, அப்பிடியே திருப்பி என்ட தட்டில வச்சார். மறுகா போய் ஹோஸ எடுத்து அவர்ட பாத்திக்கு ஒரு சுத்துத் தண்ணி விட்டார். அவசரப்படாம, ஒவ்வொரு அடிக்கும். எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கிறம். ஹோஸச் சுத்தி வச்சிட்டுப் போனவர்தான். பிறகு வரவேயில்ல.

அடுத்த கிழமை டீச்சர் என்ட ஊட்ட வந்து சொன்னா, அக்கா, இந்தப் பாத்தி முதலே உங்களுக்குத்தான் வந்திரிக்கணும், நீங்க எடுங்க எண்டு. எடுத்தன் மிஸ். என்ன செய்ற, காய் தொங்குது. முதல் கிழமையே ரெண்டு பேக் நிறையப் புடுங்கினன். அவர் நட்டு, அவர் தண்ணி விட்டு, அவர் பை கட்டின காய். என்ட யோசேப்பு ஒவ்வொரு நாள் விடியவும் பாவக்காச் சாறு குடிச்சார். முகத்தச் சுழிச்சுக்கொண்டு, என்னையும் ஏசிக்கொண்டு. போன மாசம் கிளினிக்கில டொக்டர் கேட்டாராம், என்ன ஐயா செய்றீங்க, சீனி இப்பிடி இறங்கியிரிக்கு எண்டு. மனிசன் பெருமையாச் சொல்லியிரிக்கார், என்ட மனிசிட தோட்டத்துப் பாவக்கா எண்டு.

எனக்குத்தான் அது தொண்டைக்குள்ள இறங்கல்ல. நான் சாறச் சொல்லல்ல.

போன சனிக்கிழமை சந்தைக்குப் போனன். மரக்கறிக் கடையில எனக்கு முன்னால நிக்கிறார், அழகரத்தினம் அண்ணர். மெலிஞ்சு போனார். கையில என்ன தெரியுமா? பாவக்கா. மூணே மூணு பாவக்காயத் தட்டில வச்சு நிறுக்கக் குடுத்திட்டு நிக்கிறார். வாடின காய் மிஸ். அவர்ட பாத்தியில அப்பிடி ஒரு காய் காய்ச்சா மாட்டுக்குத்தான் போடுவார். நான் கிறுகிப் போகப் பாத்தன், அதுக்குள்ள கண்டிட்டார். ஏசுவார் எண்டு நினைச்சன். ஏசினா நல்லம் எண்டும் நினைச்சன். அவர் என்ன கேட்டார் தெரியுமா? தங்கச்சி, பந்தல இன்னும் ஒரு முழம் உயத்திக் கட்டினீங்களா, இப்ப கொடி தலையில இடிக்கும் எண்டு கேட்டார்.

ஓம் அண்ணன் எண்டன். கட்டல்ல. வந்துதான் கட்டினன். அந்தா, புதுக் கயிறு தெரியுதா?

என்ன கேட்டீங்க? ஓ, இப்ப அவர்ட பேர எழுதப் போறீங்களா? பெட்டிசம் போட்டது அவர், சொந்தக் கோவத்தில போட்டது எண்டு எழுதினா எங்களுக்கு நல்லமா? பெட்டிசத்தக் கணக்கெடுக்க மாட்டாங்க, தோட்டம் தப்பும் எண்டு சொல்றீங்க. அப்பிடி எழுத வேணாம் மிஸ். அத அவர் எழுதல்ல.

எப்பிடித் தெரியும் எண்டா... உங்கட பைலில அந்தப் பெட்டிசம் கிடக்கும்தானே. நான் பாக்கத் தேவையில்ல, நீங்க பாருங்க. கொப்பியில கிழிச்ச கோடு போட்ட தாள். நீலப் பேனை. நுளம்பு பெருகுது, நாத்தம் தாங்க ஏலா, வெளியாக்கள் வந்து யாவாரம் செய்றாங்க எண்டு மூணு விசயம். மூணும் பொய். மீன் கழிவு தாட்டதே அதுக்குப் பிறகு ஒரு மாசம் கழிச்சுத்தான். நாத்தம் வாற முதலே நாத்தம் எண்டு எழுதின பெட்டிசம் அது. கீழ, இப்படிக்குப் பாதிக்கப்பட்ட மக்கள் எண்டு போட்டிரிக்கும். மக்கள் எண்டா ஒராள்தான் மிஸ். நான்தான்.

தேத்தண்ணி ஆறுது, குடிங்க.

சீட்டு விழுந்த அண்டைக்கே எழுதினன். ஈஸ்டருக்கு முதல் வாற தபசு காலம் துவங்குற நேரம். கோவத்த விடுங்க எண்டு கோயிலில சொன்னதக் கேட்டுட்டு வந்து, அந்த உடுப்போட மெசினுக்கு முன்னால இருந்து எழுதினன். போஸ்ட் பண்ணின கையோட கோவம் போச்சு. கடுதாசிதான் போகல்ல, உங்கட பைலுக்குள்ள இரிக்கு. ஃபாதருக்குப் பாவசங்கீர்த்தனத்தில சொல்லிட்டன். கடவுளுக்கும் தெரியும். அழகரத்தினம் அண்ணருக்குத்தான் சொல்லல்ல.

உங்களுக்குக் கையெழுத்து வேணுமெண்டா ஒரு தாளத் தாங்க, முழுப் பேரோட எழுதித் தாறன். எனக்குப் பாத்தி வேணாம், அது அவர்ட. மத்தப் பத்துப் பேரையும் அதுக்காகக் கிளப்பிப் போடாதீங்க. அவங்க ஒண்டும் அறியாதவங்க.

அந்தா டீச்சர்ட ஸ்கூட்டி வருது. போயிராதீங்க மிஸ், உங்களுக்கு முன்னால அவ கத்தமாட்டா. இல்ல, கத்தட்டும். நீங்க இருந்து குடிங்க, நான் போய் அவவுக்குச் சொல்லிட்டு அப்பிடியே அண்ணர்ட ஊட்ட போறன். தூரமில்ல, அந்தச் சந்தியால கிறுகினா மூணாவது ஊடு. நாலு மாசமா நான்தான் அந்த ஒழுங்கையால போகாம, கடைக்கு மெயின் றோட்டால சுத்திப் போறன்.